சர்வர் ஏன் நின்றது என்று சொல்லுங்கள்

பரமத்தி வேலூர் வெங்கமேட்டில் தேங்காய்ப் பருப்பு ஏலம் மின்னணு தேசிய வேளாண் சந்தையில் நடக்கிறது. இந்த ஏலம் மட்டுமல்ல, ரேஷன் கடைக் கருவி, சார்பதிவாளர் அலுவலகப் பத்திரப்பதிவு, இ-சேவை மையச் சான்றிதழ் என்று ஊராரின் அன்றாடக் காரியங்கள் பலவும் எங்கோ தொலைவில் இருக்கும் தரவுத்தளத்தை நம்பியிருக்கின்றன. அது நின்றுவிட்டால் வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும் பதில், 'சர்வர் டவுன்' என்ற இரண்டே சொற்கள். கொடிக்கால் வேலையை விட்டு வந்தவர் கூலியை இழந்து திரும்புகிறார். மறுநாள் வந்தாலும், நேற்று ஏன் நின்றது என்பது அவருக்கும் தெரியாது, கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியாது. பழுதைவிட இந்த மௌனம்தான் பெரிய கேடு. காரணம் வெளியே சொல்லப்படாத பழுது, இன்னோர் அலுவலகத்தில் இன்னொரு நாள் அப்படியே திரும்ப வரும்.

இத்தகைய பழுதுகள் பலவற்றின் வேர் மிகச் சிறியது. நாமக்கல் வட்டாரத்தில் லாரி ஆபீஸுக்கோ முட்டை வியாபாரத்துக்கோ பில் போடும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் வாடிக்கையாளரின் கைப்பேசி எண் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. விரைவாகத் தேட இன்டெக்ஸும் உண்டு. ஆனால், தேடல் கட்டளையை (க்வெரி) எழுதியவர் அந்த எண்ணைச் சுற்றி மேற்கோள் குறி போட மறந்துவிட்டார். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் உடனே அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் உள்ள எழுத்து வடிவை எண்ணாக மாற்றி ஒப்பிடத் தொடங்கும். இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. ஐந்நூறு வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை யாருக்கும் இது தெரியாது. ஐந்து லட்சம் ஆனதும் ஒவ்வொரு தேடலும் இழுத்துக்கொண்டே போகும். முதலாளி கூடுதல் ரேம் வாங்கிப் போடுவார். சில மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான். அதே க்வெரிக்கு முன்னால், தரவுத்தளம் அதை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டி, வரும் விடையையும் அட்டவணையின் அமைப்பையும் இணையத்தில் சக நிரலாளர்கள் முன் வைத்தால், இதே குழியில் விழுந்து எழுந்த ஒருவர் விடுபட்ட குறிகளைச் சுட்டிக்காட்டிவிடுவார். அந்தப் பதில் கேட்டவரோடு நின்றுவிடாமல் அடுத்து வருபவருக்கும் கிடைக்கிறது. 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தின் பலமே இதுதான்.

தனி நிரலாளருக்குப் பொருந்துவது நிறுவனங்களுக்கும் பொருந்துமா? 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. காப்புப் பிரதிகளைத் தேடினால், அவை பதிவாகவே இல்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்ததும், அதுகுறித்த எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்துசேராததும் அப்போதுதான் தெரிந்தன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது, குறிப்பேட்டையும் பொதுவில் திறந்துவைத்தது. பேக்கப் எடுத்தால் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும் என்ற பாடத்தை அந்த ஒரு விபத்திலிருந்து மற்றவர்களும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

நம் நாட்டிலேயே அண்மைச் சான்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளின் நிலையைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் சுமை கூடியதே காரணம் என்று யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் ஆய்வில் தெரிந்து, செய்தியாகவும் வெளிவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், ஒரு செயலியில் ஒருவர் நாளொன்றுக்கு 50 முறைதான் இருப்பு பார்க்கலாம் என்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகள் வந்தன. காரணம் தெரிந்தபோது எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

பழுதை வெளியே சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்பது முதல் ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. கடவுச்சொல், சர்வர் முகவரி, மக்களின் ஆதார் எண், இன்னும் அடைக்கப்படாத ஓட்டை ஆகியவை வெளியே வரவே கூடாது. உதவி கேட்கும்போது உண்மைத் தரவை நீக்கி மாதிரித் தரவை வைப்பதே ஒழுங்கு. ஆனால் சரிசெய்த பிறகு காரணத்தைச் சொல்வதில் என்ன ஆபத்து? முகம் தெரியாதவர்களின் யோசனையை எப்படி நம்புவது என்பது அடுத்த கேள்வி. நம்ப வேண்டியதில்லை, நகல் தரவுத்தளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவு இருக்கையில் மனிதர்கள் எதற்கு என்றும் கேட்கிறார்கள். அது கற்றதில் ஒரு பகுதி, இப்படிப் பொதுவில் குவிந்த கேள்வி பதில்கள்தான். எல்லோரும் தனியறையில் கேட்டுத் தனியறையில் பதில் பெற்றால் அந்தச் சேமிப்பு வற்றிவிடும். அதன் அறிகுறிகள் ஏற்கெனவே தெரிகின்றன.

ஆங்கிலத் தயக்கத்தால் கேள்வியே கேட்காமல் இருக்கும் இளைஞர்கள் இந்தப் பகுதியில் உண்டு. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' கணியம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் கற்றவர்கள் தமிழிலேயே கேட்கவும் பதில் சொல்லவும் தொடங்கலாம். அரசுத் துறைகளிடம் வைக்கும் கோரிக்கை இன்னும் சிறியது. ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும், எப்போது நின்றது, எதனால் நின்றது, என்ன மாற்றினோம் என்ற மூன்று வரிகளைத் துறையின் இணையதளத்திலும் அலுவலக வாசலிலும் தமிழில் வெளியிடுங்கள்.