வானொலி செய்வது பையன்களின் வேலையா?

வானொலி என்றவுடன் பாட்டுக் கேட்கும் பெட்டியே நம்மில் பலருக்கு நினைவு வருகிறது. கேட்பதோடு நில்லாமல், தாமே கருவி செய்து, தமக்கென ஓர் அழைப்புக் குறி பெற்று, கடல் கடந்த ஊர்களில் உள்ளவரோடு பேசி மகிழும் கூட்டம் ஒன்றும் உலகெங்கும் உண்டு. அவர்களை 'ஹாம்' என்பர். இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று சிலரும், ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பலரும் எண்ணுகின்றனர். இரண்டுமே தவறு என்பது எங்கள் கருத்து.

எங்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர், கிறிஸ்டல் செட் எனப்படும் எளிய வானொலியைச் செய்யப் புறப்பட்டோம். ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எடைபோட்டு வாங்கிய எனாமல் பூசிய செப்புக் கம்பி, பழுதான பழைய டிரான்சிஸ்டரிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர், ஒரு ஜெர்மேனியம் டயோடு, ஒரு கிறிஸ்டல் இயர்போன். இவ்வளவுதான். பேட்டரிகூட வேண்டாம், ஏரியலில் வந்து சேரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியாகிறது. ஆண்டு விழா நடனத்திற்கு ஒருத்தி வாடகைக்கு எடுக்கும் உடையைவிட இதற்கு ஆன செலவு குறைவு.

டயோடு வாங்கச் சென்ற கடையில், "வீட்ல அண்ணன் இருந்தா வரச் சொல்லுங்கம்மா, அவங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்" என்றார் கடைக்காரர். எங்களில் ஒருத்திக்கும் அண்ணன் இல்லை!

செய்து முடித்த செட் ஒரு வாரம் ஊமையாகவே இருந்தது. சுருளை அவிழ்த்து மீண்டும் சுற்றினோம், டயோடைத் திருப்பிப் போட்டோம், பயனில்லை. இயற்பியல் ஆசிரியை வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளேடை எடுத்துக் கையில் கொடுத்தார். கம்பியின் நுனியில் எனாமலைச் சுரண்டாமலே பற்றவைத்திருந்தோம். எனாமல் மின்சாரத்தைக் கடத்தாது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள்! அன்று மாலை, விடுதி மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரம் வரை கட்டியிருந்த ஏரியலில் விடுதித் தோழியர் காயப்போட்டிருந்த துவாலைகளை அகற்றிவிட்டு, இயர்போனைக் காதில் வைத்தோம். செய்தி வாசிப்பவரின் குரல் மெல்லக் கேட்டது. நால்வரும் முறை வைத்துக் கேட்டோம். என்ன செய்தி என்று இன்று ஒருத்திக்கும் நினைவில்லை.

கேட்பது முதற்படி. பேசவும் கேட்கவும் வல்ல கருவி என்றால் கைக்கு எட்டாத விலை என்பார் உண்டு. அதற்கு விடை ஐதராபாத்தில் கிடைத்தது. அஷ்ஹர் ஃபர்ஹான் என்னும் ஹாம் 2003-ஆம் ஆண்டில் 'பிட்எக்ஸ்' என்ற கருவியை வடிவமைத்து, எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். உள்ளூர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளைக் கொண்டே அதை அமைத்தார். ஒரு சுருளைச் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரைப் பயன்படுத்தினார் என்று படித்தபோது எங்களுக்கு வியப்புத் தாளவில்லை. அக்கருவியின் ஆற்றல் ஏறத்தாழ 6 வாட். நம் வீட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கே 9 வாட் அன்றோ! ஆயினும் 14 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் வளைந்து பூமிக்குத் திரும்புவதால், வானிலை அனுகூலமாக அன்று, அயனி மண்டலம் அனுகூலமாக இருந்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் குரல் சேரும். இக்கருவியின் வழியில் பின்னர் வந்த பலகைகளுக்குச் சுருள் சுற்றிக் கொடுத்தவர்கள் ஒரு பெண்கள் குழுவினர். கடைக்காரர் இதனை அறிவாராக.

செய்து முடித்த வாக்கி-டாக்கிகளும் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் பொத்தானை அழுத்தப் பழகலாம். வேறொன்றும் பழக முடியாது. ஹாம் அலைவரிசைகளில் உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். மைய அரசு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பியவர் எழுதலாம். முதல் நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறியும் கேட்பதில்லை. அப்படியானால் எட்டாம் வகுப்புத் தங்கைகளே எழுதலாமே!

கைப்பேசி இருக்கையில் இது எதற்கு என்று அப்பாமார் கேட்கின்றனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, ஹாம் வானொலிக்காகவே டெல்லியிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் கருவியின் முன் அமர்ந்து, அங்கிருந்தோரின் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நேபாளத்தில் 1951-இல் கோதாவரிப் பள்ளியைத் தொடங்கிய இயேசு சபைக் குரு மோரன் அவர்களும் உலகறிந்த ஹாமாக விளங்கினார் என்பதை நம் சிஸ்டர்களுக்குத் தனியே நினைவூட்டுகிறோம்!

சால்டரிங் அயர்ன் சுட்டுவிடும் என்று அஞ்சும் அம்மாமார், சுடுகின்ற தோசைக்கல்லை எங்களிடம் அஞ்சாமல் தருகிறார்களே, அது எவ்வாறு?

ஒவ்வோர் ஆண்டும் கண்காட்சிக்குத் தெர்மோகோலில் எரிமலை செய்கிறோம். அந்தப் பணத்தில் ஆய்வகத்தின் மூலையில் ஒரு மேசை, இரண்டு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர் வாங்கித் தர வேண்டுமெனத் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நாள் மாலை போதும். எரிமலை ஓராண்டு ஓய்வெடுக்கட்டும்.

நாங்கள் பொதுத்தேர்வு எழுதிப் பிரிந்துவிடுவோம். செட் இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. வேப்பமரத்து ஏரியலை யாரும் அவிழ்க்க வேண்டாம். இடி மின்னல் வரும் அறிகுறி கண்டால் மட்டும் செட்டை முன்னதாகவே கழற்றி வைத்துவிடுங்கள். துவாலைக்கு வேறு கொடி இருக்கிறது.