சொல்ற விலை, கேட்கிற விலை

வடசென்னையில் வீடு பார்க்கப் போகிற எந்தக் குடும்பத்துக்கும் இந்த நிமிடம் வந்தே தீரும். அறைகளைப் பார்த்தாகிவிட்டது. மொட்டை மாடியில் ஏறி, தூரத்தில் தெரிகிற துறைமுகத்து கிரேன்களையும் பார்த்தாகிவிட்டது. கீழே இறங்கியதும் புரோக்கர் ஓரமாகக் கூப்பிட்டு, “ஓனர் 48 சொல்றாருண்ணே. நீங்க ஒரு விலை சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்” என்பார். கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி தரையைப் பார்ப்பார். அந்தத் தயக்கத்தில், “ஒரு 46?” என்று வாயில் வந்துவிடும்.

அந்த 46 எங்கிருந்து வந்தது? 48-லிருந்து இரண்டைக் கழித்ததில் வந்தது. வீட்டைப் பார்த்து வந்த விலை இல்லை அது.

இது நம் ஊர் பலவீனம் மட்டும் இல்லை. 1987-ல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீடு, ஒரே விவரங்கள். ஓனர் சொல்லும் விலையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்து, இந்த வீடு என்ன பெறும் என்று கேட்டார்கள். அதிக விலை எழுதிய தாளைப் பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். மாணவர்கள் மட்டும் அல்ல, தொழில்முறை ஏஜென்ட்டுகளும் அப்படித்தான். ஆனால் ஏஜென்ட்டுகளில் பெரும்பாலானோர், ‘ஓனர் சொன்ன விலையை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை’ என்றார்கள்!

ஆகவே, திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ வீடு பார்க்கிறவர், ஓனர் சொல்லும் விலையைக் காதில் வாங்குவதற்கு முன்பே தன் கணக்கைப் போட்டு வைத்திருப்பது நல்லது. அதே தெருவில், பக்கத்துத் தெருவில் சமீபத்தில் எது எவ்வளவுக்குப் போனது என்பது டீக்கடையிலும் மளிகைக் கடையிலும் தெரியும். கொஞ்சம் ஏற்றிச் சொல்வார்கள், பரவாயில்லை. நாலு பேரைக் கேட்டால் உண்மை எங்கே இருக்கிறது என்று பிடிபடும். பதிவுத் துறையின் இணையதளத்தில் தெரு வாரியாக வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். வில்லங்க விவரத்தையும் அங்கேயே பார்க்கலாம்.

ஒரு லட்சம் குறைத்தால் என்ன பெரிதாக மிச்சம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த ஒரு லட்சத்தை வங்கிக் கடனாக 8.5 சதவிகித வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால், மாதத் தவணை சுமார் 868 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 2 லட்சத்து 8 ஆயிரம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து விலையில் 9 சதவிகிதம் என்பதால், அதிலும் 9,000 குறையும். வெட்கப்படாமல் பேசும் பத்து நிமிடத்துக்கு இது நல்ல கூலி.

ஆனால், குறைக்கிறேன் பேர்வழி என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் முடியாது. கீழே ஒரு தரை இருக்கிறது. அதுதான் வழிகாட்டி மதிப்பு. அரை கிரவுண்டுக்கும் குறைவான மனையில் ஒரு பழைய வீடு. மனைக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து அரசு மதிப்பு 45 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஓனருக்கு அவசரம், 41-க்கு முடிகிறது. பத்திரச் செலவு 45-க்குத்தான், ஆனாலும் வருமான வரியில் தொல்லை இல்லை. பேசிய விலைக்கும் அரசு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பேசிய விலையில் 10 சதவிகிதத்துக்குள் இருக்கிறது. அதே வீட்டை இன்னும் அமுக்கி 40-க்கு வாங்கினால், வித்தியாசம் 5 லட்சம். 10 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டது. அந்த 5 லட்சத்தையும் வாங்கியவரின் வருமானமாகக் கருதி வரி போடுவார்கள். விற்றவருக்கும் 45-க்கு விற்றதாகவே கணக்கு. கடைசியாகக் குறைத்த ஒரு லட்சத்தில் கணிசமான பங்கு வரிக்கே போய்விடும்.

சரி, தரைக்கு மேலே எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? இங்கேதான் இடம் பேசுகிறது.

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து, அந்தப் பக்கத்தில் “மெட்ரோ பக்கம் சார்” என்பது ஒவ்வொரு வீட்டு விலையிலும் சேர்ந்துகொண்டது. சேரட்டும், நியாயம்தான். ஆனால் காலடிப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து அந்த வீட்டுக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும். போகிற வழியில் கன்டெய்னர் லாரிகள் எத்தனை மணிக்கு எப்படி நிற்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

கடல் காற்று இன்னொரு விஷயம். உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தின்னும். கம்பி துரு ஏறிப் பருத்தால், மேல்பூச்சு பெயர்ந்து விழும். புதிதாக அடித்த பெயின்டை நம்பாமல், படிக்கட்டின் அடிப்பாகத்தையும் பாத்ரூம் கூரையையும் பார்ப்பது நல்லது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டதால் உயிர் தப்பினார்கள். ஒரு சிவில் இன்ஜினீயரைக் கூட்டிப்போய், பழுதுக்கு என்ன செலவாகும் என்று எழுதி வாங்கினால், “குறைச்சுக் கொடுங்க” என்று கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. தாளை நீட்டினால் போதும்.

எண்ணூர் பக்கம் என்றால் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். இவற்றை ஓனர் சொல்ல மாட்டார். எதிர்வீட்டு அம்மா சொல்வார். விலையில் இதற்கும் பங்கு உண்டு.

சில குறைகளுக்கு விலை குறைப்பு மருந்தாகாது. திருவொற்றியூரில் அடிமனை கோயிலுக்குச் சொந்தமானது என்றால், கட்டடம் எவ்வளவு மலிவாக வந்தாலும் அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் அந்த மனையைக் கிரயம் பதிய முடியாது. அங்கே பேரத்துக்கே வேலை இல்லை, எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

எதிரே உட்கார்ந்திருப்பவரையும் பார்க்க வேண்டும். ராயபுரத்தின் பழைய வீடுகள் பலவும் அப்பா காலத்துச் சொத்து. விலை பேசுபவர் மூத்த அண்ணன். பின்னால் தம்பிகள், கட்டிக்கொடுத்த தங்கைகள். நாலு பங்கு என்றால், 2 லட்சம் குறைப்பது ஆளுக்கு 50,000 இழப்பு. அதை அவர் வீட்டில் போய்ச் சொல்லியாக வேண்டும். “இந்த ஓட்டை வீட்டுக்கா 48?” என்று கேட்டவரிடம் 45-க்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அம்மா இறந்தது அந்தக் கூடத்தில் என்பது வாங்க வந்தவருக்குத் தெரியாது. “வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா. ஒயரிங், மேல்தளம் ரெண்டுக்கும் இவ்ளோ ஆகும்னு இன்ஜினீயர் எழுதியிருக்கார். அதைக் கழிச்சு 43 வரைக்கும் எங்களால முடியும்” என்றால், தங்கைகளிடம் சொல்ல அண்ணனுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

புரோக்கரைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம், அவர் விலையை ஏற்றிவிடுவார் என்று. கமிஷன் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஒரு லட்சம் குறைந்தால் அவருக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ போகும். வியாபாரமே கலைந்தால் மொத்தமும் போகும். முடிக்கத்தான் பார்ப்பார். ஆனால், “அதிகபட்சம் 45 வரைக்கும் போவோம்” என்று அவர் காதில் போட்டுவிட்டால், அன்று சாயங்காலமே அது ஓனர் வீட்டில் இருக்கும்.

நடுவில் ஒரு தூண்டில் வரும். “பத்திரத்துல 45 போட்டுக்கலாம், மிச்சத்தைக் கையில கொடுத்துடுங்க, ஒரு லட்சம் குறைச்சிக்கிறேன்.” வீடு, மனை வியாபாரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. வாங்குபவருக்கும் அடி விழும். வங்கி, பத்திரத்தில் இருக்கும் தொகைக்கு மேல் பார்க்காது. நாளை அவர் விற்கும்போது, கையில் கொடுத்த பணமும் லாபமாகத் தெரியும்.

வங்கியின் மதிப்பீட்டாளர் வரும்வரை எந்த விலையும் முடிந்த விலை இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவிகிதம்தான் வங்கி கொடுக்கலாம். 45-க்குப் பேசிய வீட்டை மதிப்பீட்டாளர் 42 என்று எழுதினால், 36 லட்சம் எதிர்பார்த்த இடத்தில் 33 லட்சத்து 60 ஆயிரம்தான் வரும். அந்த 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு நகையைத் தேடுவதற்கு முன், ஓனரிடம் இன்னொரு முறை போய் உட்காரலாம். அடுத்து வருகிறவருக்கும் வங்கி அதே 42-ஐத்தான் எழுதக்கூடும் என்பது அவருக்கும் புரியும்.

இதனால்தான், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் சீட்டில் பேசிய விலை, எத்தனை நாள் கெடு, கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் வில்லங்கம் இருந்தாலோ பணம் திரும்ப வரும் என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். கையெழுத்து மூத்த அண்ணனுடையது மட்டும் போதாது, பங்கு உள்ள எல்லோரும் போட வேண்டும்.