அலகை உடைத்த கழுகு



கழுகு 40 வயதில் மலையுச்சிக்குச் சென்று, அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி, ஐந்து மாதம் காத்திருந்து, மேலும் 30 ஆண்டுகள் வாழ்கிறது என்னும் செய்தி உங்கள் வாட்ஸ்அப்பிற்கும் வந்திருக்கும். நீங்களும் பிறருக்கு அனுப்பியிருப்பீர்கள். நானோ ஒரு புத்தாண்டு ஆராதனையில் அதைப் பிரசங்கித்தே விட்டேன். அன்று எழும்பிய ஆமென் சத்தத்தை நினைத்தால் இன்று வெட்கமாயிருக்கிறது.

ஆராதனை முடிந்தபின் கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவர் வந்து, "ஐயா, அலகில்லாமல் ஐந்து மாதம் அது எதைத் தின்னும்?" என்று தாழ்மையாய்க் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அலகு என்பது எலும்பின்மேல் போர்த்திய உறை. நம் நகத்தைப்போல் வளர்ந்து, உபயோகத்தில் தேய்வது. அதைப் பெயர்த்தெறிந்த பறவை பட்டினியால் சாகும். இறகுகள் சிறிது சிறிதாய்த் தாமே உதிர்ந்து முளைக்கின்றன. 70 ஆண்டு ஆயுசும் பொய். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு காட்டில் 20, 30 ஆண்டுகள் வாழும். 2015-இல் நியூயார்க் மாநிலத்தில் இறந்த ஒன்றுக்கு, காலில் இட்டிருந்த வளையத்தின்படி, வயது 38. அதுவே பெரும் அதிசயமாய் எண்ணப்பட்டது.

கதையின் வேர் இணையத்தில் இல்லை. 103-ஆம் சங்கீதத்தை விளக்கிய பரிசுத்த அகுஸ்தீனே, முதிர்ந்த கழுகு நீண்டு வளைந்த அலகைக் கல்லில் மோதி உடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காலத்து அறிவு அவ்வளவே. கைப்பேசியிலேயே விசாரித்தறியக்கூடிய நமக்கு என்ன சாக்கு? மின்னஞ்சலில் படக்காட்சியாய்ச் சுற்றி, வாட்ஸ்அப்பில் பெருகி, இசை சேர்த்த காணொளியாய் உயர்ந்த அக்கதையின் பொய் வெளிப்பட்டாயிற்று. வாலிபர் அதைக் கண்டு நகைக்கின்றனர். பிரசங்க பீடம் மாத்திரம் அதை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது.

"கதை பொய்யானாலும் கருத்து நல்லதுதானே?" என்பீர்கள். அன்று, கருத்தே அதிகக் கேடு. அந்தச் சங்கீதத்தின் 5-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். நன்மையினால் நிரப்புகிறவர் தேவன், மனுஷன் பெற்றுக்கொள்கிறவன். பாறையும் இரத்தமும் அங்கே இல்லை. வாட்ஸ்அப் கழுகோ தன்னைத் தானே கிழித்துத் தன்னைத் தானே இரட்சித்துக்கொள்கிறது. வேலையிழந்த 50 வயது சகோதரரிடம் அதைச் சொன்னால், "நீ இன்னும் போதுமான அளவு பிடுங்கவில்லை" என்றே அவர் காதில் விழும். மருந்தினால் முடி கொட்டிய சகோதரிக்கு அதை அனுப்பியவர்களும் நம் சபையில் உண்டு. (மீகா 1:16-இல் கழுகின் மொட்டை துக்கத்தின் அடையாளம். அதை ஒருவரும் அனுப்பக் காணோம்.)

வரும் ஞாயிறு அந்தப் பிரசங்கத்தை அதே பீடத்தில் நின்று திரும்பப் பெறுவேன். கடந்த சனிக்கிழமை அச்செய்தி எனக்கே திரும்பி வந்தது, அடியில் என் படத்தோடும் பெயரோடும். அழித்துவிடும்படி அனுப்பியவரைக் கேட்டுக்கொண்டேன். அதற்குள் அது வேறு சபைகளின் குழுக்களுக்கும் போய்விட்டிருந்தது.