தாயைப் பார்க்காத குஞ்சு

நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிஞ்ச உடனே என்ன செய்யும்னு கவனிச்சிருக்கீங்களா? தாய்க்கோழி பின்னாடியே ஓடி, அது கிளறிப் போடுற குப்பையையும் எச்சத்தையும் கொத்தும். பார்க்க அசிங்கமா இருக்கும். ஆனா குஞ்சோட குடலுக்குத் தேவையான நுண்ணுயிரிகள் இப்படித்தான் உள்ளே போகுது.

கறிக்கோழிக் குஞ்சுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. இன்குபேட்டர்ல பொரிஞ்சு, பெட்டியில அடைபட்டு, வண்டியில பண்ணைக்கு வருது. அதோட குடல் கிட்டத்தட்ட ஒரு காலி வீடு. முதல்ல யார் குடியேறுறாங்களோ அவங்க ராஜ்ஜியம்தான். 1973-லேயே பின்லாந்து விஞ்ஞானிகள் நுர்மி, ரந்தாலா ரெண்டு பேரும் இதைக் காட்டிட்டாங்க. ஆரோக்கியமான பெரிய கோழியின் குடல் நுண்ணுயிரிகளைக் குஞ்சுக்குக் கொடுத்தா, சால்மோனெல்லா கிருமி எளிதில் இடம் பிடிக்க முடியல.

இந்த நல்ல பாக்டீரியாக்கள் சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கல. நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பியூட்டிரிக் அமிலம் தயாரிக்குது. குடல் சுவர் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. குடல் நல்லா இருந்தா தின்ன தீவனம் உடம்புல ஒட்டும். கோழி வளர்ப்புச் செலவுல பெரும்பகுதி தீவனம்தான். அதனால இது பண்ணைக்காரரோட வருமானப் பிரச்சினையும்கூட.

ஆனா உலகம் பல வருஷமா குறுக்கு வழியில போச்சு: தீவனத்துலயே ஆன்டிபயாடிக். வளர்ச்சிக்காக அப்படிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல நிறுத்தியது. இந்தியா 2019 ஜூலையில உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்கத் தடை போட்டது. ஐசியு-வில் வேற மருந்து எதுவும் கேட்காதபோது டாக்டர்கள் கையில் எடுக்கும் மருந்து அது. கோழிப்பண்ணையில் பழகிப்போன கிருமி நாளைக்கு நம்ம வீட்டு நோயாளியிடம் வந்தா என்ன செய்வோம்?

தடை சரிதான். ஆனா தடை மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒப்பந்தப் பண்ணையில குஞ்சு, தீவனம், மருந்து எல்லாமே கம்பெனியிலிருந்து வருது. விவசாயி கையில இருப்பது கொட்டகையும் உழைப்பும்தான். கொட்டகையில் பரப்பியிருக்கிற நெல் உமி ஐப்பசி மழையில ஈரமாகிக் கட்டிப் போச்சுன்னா, அம்மோனியா வாடை ஏறும், ரத்தக்கழிச்சல் வரும். அது புண்ணாக்கிய குடலில் கிளாஸ்ட்ரிடியம் பெருகும். அந்த நிலையில புரோபயாடிக் பொடியை மட்டும் கலந்து கொடுத்துப் பெரிய பிரயோஜனம் இல்ல.

இங்கதான் நம்ம வேலை ஆரம்பிக்குது. ஸ்மார்ட் கோழிப்பண்ணைன்னு சொல்லி, ஒரு டெம்பரேச்சர் சென்சாரையும் ஆப்பையும் காட்டி மார்க் வாங்கிட்டுப் போறோம். உமியோட ஈரத்தை அளக்கிற, மழைக்காலத்துல காற்றோட்டத்தைச் சரிசெய்யுற, விவசாயி வாங்கக்கூடிய விலையில ஒரு கருவியை ஏன் செய்யக்கூடாது? ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. அங்கே படிக்கிறவங்களுக்குக் குடல் தெரியும், நமக்கு சர்க்யூட் தெரியும். அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு பஸ் ஏறிப் போய்ப் பேசுங்க.