கோயிலுக்கு 100 மீட்டர், காலனிக்கு எவ்வளவு?

விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு நம் ஆண்களும் பெண்களும் நெருக்கியடித்துப் போகிறார்கள். மாலையில் இறங்கும்போது, கூலி வீடு போய்ச் சேரும் முன் மதுக்கடையைத் தாண்டியாக வேண்டும்.

அந்தக் கடையின் கதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது. 1981இல் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் மறுபடி திறந்தன. போடியில் ஏலம் என்றால் காயும் உண்டு, கூவி விடுவதும் உண்டு. கடைகளையும் கூவித்தான் விட்டார்கள். 1983இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்காக வந்தது. 1987இல் சாராயமும் கள்ளும் போயின. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. கல்லாவில் ஆள் மாறினார். அதில் விழுவது அதே தோட்டக்கூலிதான்.

குடிதான் உங்களைக் கெடுக்கிறது என்று நமக்குப் புத்தி சொல்பவர்கள் ஊரில் நிறைய. அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுக்கு முன்பே பஞ்சசீலத்தைச் சொல்லிக் கள்ளை விடச் சொன்னார். இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்திலேயே மதுவுக்கு எதிராகப் பேசினார். நமக்கு அந்தப் பாடம் புதிதல்ல. கடையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது நாமும் அல்ல.

2003ஆம் ஆண்டு விதிகளைப் பாருங்கள். கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து நகராட்சியில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை இருக்க வேண்டும். குடியிருப்புக்கு அப்படி ஒரு தூரம் அதில் இல்லை. சாமிக்கு உண்டான தூரம் காலனிப் பெண்ணுக்கு இல்லை!

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்னது. 2017 ஏப்ரலில் சாலையை விட்டு இறங்கிய கடைகள் குடியிருப்புகளுக்குள் இடம் தேடின. தமிழ்நாடெங்கும் பெண்கள் மறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது.

விதியில் குடியிருப்பையும், கூலிக்காரர் ஜீப் இறங்கும் இடத்தையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அன்று கடையும் மூடியிருக்கும். போடியைச் சுற்றிய ஊராட்சிகளில் நம் பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். தீர்மானத்தில் கடையின் எண்ணையும், அங்கிருந்து காலனியின் முதல் வீடு வரை எத்தனை மீட்டர் என்பதையும் அளந்து எழுதச் சொல்வோம்.