அப்பமா, ரொட்டியா? யூதர்களின் ஓய்வுநாள் மேசையும் நம் மொழிபெயர்ப்பும்

முதுகலை மாணவர் ஒருவர் யூத சமயச் சடங்குகள் குறித்துத் தாம் எழுதிய கட்டுரையைப் பார்வையிடுமாறு கடந்த வாரம் அனுப்பியிருந்தார். ‘ஓய்வுநாள் உணவின்போது குடும்பத் தலைவர் இரண்டு அப்பங்களை எடுத்து, வாழ்த்துரைத்துப் பிட்கிறார்’ என்பது அதில் ஒரு தொடர். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. விவிலியத் தமிழில் பழகியவர் எவருக்கும் அது உறுத்தாது. ஆயினும், பொருள் அளவில் அது பிழை என்றே கருதுகிறேன். ஏன் என்பதை விளக்கவே இந்தப் பதிவு.

முதலில் சடங்கைப் பார்ப்போம். வெள்ளி மாலை, திராட்சை இரசத்தின்மேல் வாழ்த்துரை முடிந்ததும், வீட்டார் பாத்திரத்தில் நீர் முகந்து கை கழுவுகின்றனர். கை கழுவியதிலிருந்து முதல் துண்டை உண்ணும் வரை பேசுவதில்லை. மேசையில் இரண்டு முழு ரொட்டிகள் துணியால் மூடப்பட்டிருக்கும். பாலைவனத்தில் பெய்த மன்னா, ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் இரு பங்காகக் கிடைத்தது என்ற யாத்திராகமச் செய்தியின் நினைவே அந்த இரண்டு. துணிக்குக் காரணங்கள் பல சொல்வர். மன்னா பனிப்படலங்களுக்கிடையே கிடந்தது என்பது ஒன்று. வழக்கமாக முன்னுரிமை பெறும் ரொட்டி, அன்று இரசத்துக்குப் பின் தள்ளப்படுவதால் நாணமுறாதிருக்க மறைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. உயிரற்ற ரொட்டியின் மானத்தையே காக்கும் சமூகம், எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பது அதன் உட்பொருள். பின்னர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, நிலத்திலிருந்து ரொட்டியை விளைவிக்கும் இறைவனை வாழ்த்தி, ஒன்றை அறுத்தோ பிட்டோ உப்பில் தோய்த்து, தாம் உண்டபின் பிறர்க்குப் பகிர்கிறார் தலைவர். கோயில் அழிந்தபின் உணவு மேசையே பலிபீடம் என்பது தல்மூத் மரபு. பலிகளுக்கு உப்பிட வேண்டும் என்ற லேவியராகம விதி இவ்வாறே மேசைக்கு வந்தது.

இனி, நம் வினாவுக்கு வருவோம். அந்த வாழ்த்துரையை எதன்மேலும் சொல்லிவிட முடியாது. கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்று மரபு வரையறுக்கும் ஐந்து தானியங்களுள் ஒன்றால் ஆனதே சட்டப்படி ‘ரொட்டி’. அரிசி அதில் இல்லை. அரிசி மாவால் செய்த ரொட்டியைத் தல்மூத் அறிந்திருக்கிறது. அதற்கு வேறொரு வாழ்த்துரையை விதிக்கிறது. உண்டபின் சொல்லும் நீண்ட நன்றியுரையும் அதற்குக் கிடையாது. அரிசியும் தானியமே என்று வாதிட்ட யோகனான் பென் நூரி என்ற அறிஞரின் கருத்தைப் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் சுவையானது: ஐந்து தானியங்களின் மாவு புளிக்கும்; அரிசி மாவோ புளிக்காது, கெட்டுப்போகும்.

இதைப் படிக்கும் தமிழர் சிரிக்கக்கூடும். இரவில் அரைத்த தோசை மாவு விடியலில் பாத்திரத்தை விட்டு வழிவதைக் காணாத வீடு நம்மிடையே இல்லை. ஆனால், அந்த அறிஞர்கள் கண்டதில் உண்மை இல்லாமல் இல்லை. கோதுமையில் உள்ள பசைப்புரதம் அரிசியில் இல்லாததால், தனி அரிசி மாவு காற்றைச் சிறைப்பிடித்து எழும்புவதில்லை. நம் மாவை எழுப்புவதில் உளுந்துக்குப் பெரும் பங்கு உண்டு. கோதுமை நிலத்தில் நின்று உலகைப் பார்த்தவர்களின் சட்டம் அது. அந்த நிலத்துக்கு அது பொருந்தியது.

அப்படியானால், அரிசி நிலத்தில் குடியேறிய யூதர் என்ன செய்தனர்? இங்கே நமக்கு நெருங்கிய சான்றுகள் உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. தமிழ்க் கல்வெட்டியல் மாணவர்க்கு அதன் மொழி அயலாகத் தோன்றாது. அந்த மலபார் யூதர்கள் நூற்றாண்டுகளாக அரிசி உண்டு வாழ்ந்தவர்கள். அவர்கள் சட்டத்தை வளைத்து அரிசியை ரொட்டியாக்கிவிடவில்லை. அரிசியைக் கைவிடவும் இல்லை. புளித்த மாவு விலக்கப்படும் பஸ்கா நாள்களில், ஐரோப்பிய யூதர் பலர் அரிசியையும் விலக்குவர். கொச்சி யூதரோ, அரிசியை நுணுகித் தூய்மை செய்து உண்டனர். எந்த விதி அரிசியை ஓய்வுநாள் வாழ்த்துரையிலிருந்து விலக்கியதோ, அதே விதிதான் அதைப் பஸ்கா மேசையில் அமர்த்தியது.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் மக்களும் இவ்வாறே. கோதுமைச் சப்பாத்தி கல்லில் சுட்டதாயினும் சட்டப்படி ரொட்டியே. அவர்கள் இல்லங்களில் அதன்மேல் வாழ்த்துரை சொல்வதுண்டு. திராட்சை இரசத்துக்குப் பதில் உலர்திராட்சையை ஊறவைத்த சர்பத்து. அரிசிக்கோ வேறொரு மதிப்புமிக்க இடம்: தீர்க்கதரிசி எலியாவை நினைந்து அவர்கள் நிகழ்த்தும் ‘மலிதா’ சடங்கில், அவலும் தேங்காய்த் துருவலும் இனிப்பும் பழங்களுமே படையல். கோதுமைக்கு ஓரிடம், அரிசிக்கு ஓரிடம். ஒன்றை மற்றொன்றாக அவர்கள் பெயர் மாற்றவில்லை.

நாம் பெயர் மாற்றுகிறோம் என்பதே என் குறை. ‘அப்பம்’ என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது, பெரும்பாலும் அரிசி மாவில் வார்த்தது அல்லது வெல்லம் சேர்த்து எண்ணெயிலோ நெய்யிலோ பொரித்தது. முன்னதற்குத் தானியமே தடை. பின்னது கோதுமையில் செய்ததாயினும், பொரித்த இனிப்புப் பண்டத்தைச் சட்டம் பொதுவாக ரொட்டியாகக் கொள்வதில்லை. ஓய்வுநாள் மேசையில் வைக்கவே இயலாத பொருளின் பெயரை, அந்த மேசையின் நடுப்பொருளுக்கு நாம் சூட்டிவிட்டோம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சொற்பொருள் விரியும், அது மொழியின் இயல்பு. எபிரேயத்தில் ‘ஹல்லா’ என்பது, மாவிலிருந்து ஆசாரியருக்கென எடுத்து வைக்கும் பங்கைக் குறித்தது. இன்றோ ஓய்வுநாள் ரொட்டிக்கே பெயராகிவிட்டது. ‘லெகெம்’ எபிரேயத்தில் ரொட்டி. அதன் இனச்சொல்லான ‘லஹ்ம்’ அரபியில் இறைச்சி. அடிப்படைப் பொருள் ‘முதன்மை உணவு’ என்பதாகலாம். அவ்வாறிருக்க, தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சானது முதல் வளர்ந்த கிறித்தவத் தமிழில் ‘அப்பம்’ விரிந்ததில் என்ன தவறு?

தவறில்லை. ‘அப்பம் பிட்குதல்’ என்ற தொடர் தேவாலயத்தில் வாழ்கிறது. அதன் பொருளை அந்தச் சமூகம் தன் வழிபாட்டின் வாயிலாக அறியும். அதை மாற்றச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், யூத மரபை விளக்க வரும் ஆய்வுக் கட்டுரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹல்லாவின் பொருள் விரிந்தபோதும், அதைப் பிசைபவர்கள் சட்டத்தை மறக்கவில்லை. நம் கட்டுரையின் வாசகருக்கோ, சொல் ஒன்றே வாயில். அது தவறான அறைக்குள் திறந்தால், ‘அவர்களும் நம்மைப் போலவே அப்பம் உண்பவர்கள்’ என்ற இனிய எண்ணத்தோடு அவர் நின்றுவிடுவார். ஐந்து தானியம் என்ற வேலியும், அதை ஒட்டி இந்திய யூதர் நடத்திய நுட்பமான வாழ்வும் அவர் கண்ணில் படா.

இதை நான் எழுதும் பத்துபஸ்தியில், அடுத்தடுத்த வீடுகளில் ஒருவருக்குச் சோறும் மற்றொருவருக்கு ரொட்டியும் ‘உணவு’ என்பதன் மறுபெயர். கடல் தாண்டி நிக்கோபாரில், தாழையினத்து மரமொன்றின் பழம் மரபு உணவுகளுள் முதன்மையானது. தாவரவியலார் பாண்டனஸ் லெரம் என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கு ‘நிக்கோபார் ரொட்டிப்பழம்’ என்று பொருள். அதில் கோதுமை மணி ஒன்றுகூட இல்லை. உணவென்றால் ரொட்டி என்று அறிந்த கண்கள் அதற்கு அந்தப் பெயரை இட்டன. நாம் ‘அப்பம்’ என்று எழுதும்போது செய்வதும் அதுவே. திசை மட்டும் வேறு.

எனவே, என் பரிந்துரை எளியது. ஆய்வெழுத்தில் ‘கோதுமை ரொட்டி’ என்றோ ‘ஹல்லா’ என்றோ எழுதி, ஐந்து தானிய விதியை ஒரே வரியில் விளக்குக. ‘ரொட்டி’ என்று மட்டும் எழுதுவது போதாது. நம்மிடம் கேழ்வரகு ரொட்டியும் அரிசி ரொட்டியும் உண்டு. அந்த ஒரு வரி வாசகரைச் சற்றே தடுத்து நிறுத்தும். நிறுத்தட்டும். பிறருடைய மேசையில் அமருமுன் கை கழுவ எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது.

மாணவரின் கட்டுரையில் அந்தத் தொடரை நான் அடிக்கவில்லை. ஓரத்தில் ‘எந்த மாவு?’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். மாற்றுக் கருத்துடையோர், குறிப்பாக விவிலியத் தமிழில் ஆழ்ந்தவர்கள், கீழே எழுதுமாறு வேண்டுகிறேன்.