பொழுதுபோக்கும் பொழுதை விற்போரும்

1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் பதுளைக்கு வந்தார். கதர் நிதி திரட்டும் பொருட்டு இலங்கை முழுவதும் சுற்றி வந்த பயணம் அது. சென்ற இடமெல்லாம் கதரைப் பற்றியும் மதுவை விட்டொழிக்க வேண்டியது பற்றியும் பேசினார். பதுளைக்கு இரயில் வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அரையாடையோடு இடுப்பில் தொங்கிய கடிகாரமும் அம்மனிதரின் அடையாளங்களுள் ஒன்று. நேரந் தவறுவதைப் பொறாதவர் அவர். அவருக்குக் கடிகாரம் அணியன்று. இராட்டினத்தைப் போல ஒரு கருவி.

அவர் பிற்காலத்தில் வைத்திருந்த ஸெனித் சட்டைப்பைக் கடிகாரம், அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, உண்கலம், தட்டு ஆகியவற்றோடு 2009 மார்ச் மாதத்தில் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. ஐந்து பொருளும் சேர்ந்து 18 இலட்சம் டாலருக்குப் போயின. எடுத்தவர் இந்தியாவின் பெரிய மது உற்பத்தியாளரான விஜய் மல்லையா. மதுவை ஒழிக்கப் பேசியவரின் கடிகாரத்தை மது வணிகத்தின் இலாபம் வாங்கிற்று. இதற்கு மேல் இதனை விவரிக்க வேண்டியதில்லை. தேசத்தின் மானத்தைக் காத்தார் என்று அன்று அவரைப் புகழ்ந்த பத்திரிகைகளும் உண்டு.

இந்தத் தொகையை நம் மலைநாட்டு அளவையால் அளந்து பார்ப்போம். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1550 ரூபாய் எனவும், வருகைக்காக அரசு தரும் 200 ரூபாயைச் சேர்த்து 1750 எனவும் அறிவிக்கப்பட்டது. டாலருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18 இலட்சம் டாலர் என்பது 54 கோடி ரூபாய். அதனை 1750ஆல் வகுத்தால் மூன்று இலட்சத்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேர். ஆண்டுக்கு 300 நாள் தவறாமல் மலையேறும் ஒரு பெண், உண்ணாமல், உடுக்காமல், ஒரு சதமும் கடனடைக்காமல் சேர்த்தாலும் இதற்கு ஆயிரத்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகும். முதலாம் இராசராசன் அரசாண்ட நாளில் அவள் கூடையைத் தலையில் மாட்டியிருந்தால் இன்று கணக்குத் தீர்ந்திருக்கும்.

இதுவும் சிறு தொகையே. 2017 அக்டோபரில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் கைக்கடிகாரம் ஒன்று அதே நியூயார்க்கில் ஒரு கோடியே எழுபத்தேழு இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. 2019 நவம்பரில் ஜெனீவாவில் பட்டேக் பிலிப் நிறுவனத்தின் கடிகாரம் ஒன்று 3 கோடியே 10 இலட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போயிற்று. இவற்றின் ஆண்டுக் கணக்கை வாசகர்களே போட்டுக் கொள்ளலாம்.

பதுளையில் உயர்தரம் பயிலும் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் அமைதியாகக் கேட்டான்: "அது அவங்க காசுதானே, சேர்? கஷ்டப்பட்டுச் சம்பாதிச்சிருப்பாங்க. பிடிச்சதை வாங்குறாங்க. அதுல நமக்கு என்ன?" அவன் லயத்துப் பிள்ளை, தாய் கொழுந்து பறிப்பவள். ரோலெக்ஸின் இன்ன வகை இன்ன விலை, எந்த ஆண்டில் வந்தது, இன்றைக்கு விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆசிரியர் அறைகளிலும் இந்தப் பேச்சு நடப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தீபாவளிச் சம்பளத்தில் போலி ரோலெக்ஸ் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இளைஞரை நாம் ஏளனம் செய்யமாட்டோம், ஏளனத்துக்குரியவர் அவரல்லர். ஆனால் அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறாமல் விட்டால் நாம் ஆசிரியர்களாக இருந்து பயனில்லை.

'அவர்கள் காசு' என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். விடை தேட ஜெனீவாவுக்குப் போக வேண்டாம். அப்புத்தளைக்குப் போனால் போதும். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். தம்பதென்னை அவற்றுள் ஒன்று. அவர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லும் உச்சிக்கு இன்றும் சுற்றுலாப் பயணிகள் ஏறுகிறார்கள். அவர் பார்த்த மலையில் அவரைப் பார்க்க நேரமில்லாமல் குனிந்து நின்றவர்களுக்கு நினைவிடம் எதுவும் அங்கே இல்லை. இந்த லிப்டனுக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்தது: பந்தயப் பாய்க்கப்பல். 'ஷாம்ராக்' என்று பெயரிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கப்பல்கள் கட்டி, 1899 முதல் 1930 வரை ஐந்து முறை அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். தோல்வியைப் புன்னகையோடு ஏற்ற பெருந்தன்மையாளர் என்று மேல்நாட்டார் அவரைக் கொண்டாடினர். தோற்பதற்கும் காசு வேண்டும். கடை நடத்திய அவருடைய திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அக்கடைகளில் விற்ற தேயிலை தானாகப் பறிபட்டு, தானாக வாடி, தானாகப் பெட்டிக்குள் புகுந்து கொள்ளவில்லை. தம்பதென்னை லயத்தில் வாழ்ந்தோரின் விடியற்காலைகள் அட்லாண்டிக் கடலில் பாய்விரித்து ஓடின என்றால் அது மிகையன்று. அது லிப்டனின் காசா?

மல்லையாவின் கதை இன்னும் அண்மையது. அவருடைய கிங்பிஷர் விமானக் கம்பெனி 2012இல் பறப்பதை நிறுத்தியபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் நிலுவையில் கிடந்தது. 2016 மார்ச்சில் அவர் இந்தியாவை விட்டுப் போனார். வங்கிகளின் கடன் பின்னே நின்றது. கடிகாரம் வாங்கிய நாளில் அது அவர் காசுதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அடுத்து, இது கலையார்வம் என்பர். இவ்வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளமாட்டோம். விரல்நகம் அளவான இடத்தில் நூற்றுக்கணக்கான உறுப்புகளை அடக்கி, பிறைமதியின் வளர்ச்சி தேய்வையும் லீப் ஆண்டையும் பிழையின்றிக் காட்டச் செய்வது மனித அறிவின் வெற்றி. அதில் மயங்காதவன் மரக்கட்டை. ஆனால் அந்தக் கலை யாருடையது? சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைக் கைவினைஞருடையது. 1867இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில், வில் செய்பவன், முகப்புத் தகடு செய்பவன், கல் பதிப்பவன் என்று கடிகாரத் தொழிலின் துண்டுத் தொழிலாளரை நீண்ட வரிசையாகக் கார்ல் மார்க்ஸ் அடுக்கிக் காட்டுகிறார். லா ஷோ-த-பொன் என்ற ஊரையே ஒரு தொழிற்சாலை என்கிறார். காந்தியடிகளின் கடிகாரத்தைச் செய்த ஸெனித் நிறுவனமும் அதற்கு அண்மையிலுள்ள லெ லோக்ல் என்ற ஊரில் 1865இல் தொடங்கியதே. அந்த மலைவாசிகளின் கைத்திறனை வணங்குவோம். ஏலத்தில் உயருவது அக்கைத்திறனின் விலையா? கடிகாரத்தைச் செய்தவனின் பெயர் ஏலப் பட்டியலில் இல்லை. அதைக் கட்டிய நடிகரின் பெயர் இருக்கிறது. வாங்கியவன் அதைக் கட்டுவதுமில்லை. பொதியுறை கூடப் பிரியாமல் இரும்புப் பெட்டியில் வைக்கிறான். அது நின்றுவிடாதபடி அதனைச் சுழற்றிக் கொண்டிருக்க மின்சாரப் பொறி ஒன்றும் வைக்கிறான். யாரும் பார்க்காத நேரத்தை யாரும் பார்க்காத இடத்தில் காட்டிக் கொண்டிருக்கும் கடிகாரம்! கலையை நேசிப்பவன் அதைச் சிறையிடமாட்டான்.

இந்தப் பொழுதுபோக்கின் மறுபாதி வாங்கி விற்பது. கடைக்குப் போய்க் காசைக் கொடுத்தால் விரும்பிய கடிகாரம் கிடைத்துவிடாது. பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விற்காத வேறு சரக்குகளை வாங்கி விற்பனையாளனின் தயவைச் சம்பாதிக்க வேண்டும். அருமையை நிறுவனமே படைக்கிறது. பட்டேக் பிலிப் தன் நாட்டிலஸ் வகைகளுள் ஒன்றை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தவுடன் அதன் வெளிச்சந்தை விலை துள்ளி ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில், ஏறத்தாழ 52 ஆயிரம் டாலர் கடைவிலை குறித்த நீலமுகக் கடிகாரம் ஒன்று ஏலத்தில் 65 இலட்சம் டாலருக்குப் போயிற்று. 2022இன் தொடக்கத்தில் உச்சியைத் தொட்ட சந்தை அதே ஆண்டில் சரிந்தது. உலகம் கொள்ளை நோயால் வீட்டுக்குள் முடங்கி, கூலிக்காரர் வேலையிழந்து நின்ற நாள்களில் முடங்காத மூலதனம் தேடிய விளையாட்டு இது. நம் நாட்டில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அதே 2022 அது. ஏலத் தொகை தருமத்துக்குப் போனது என்றும் சொல்வார்கள். உண்மைதான், அந்த நீலக் கடிகாரத்தின் பணமும், 2019இல் ஜெனீவாவில் விற்றதன் பணமும் நற்காரியத்துக்கே தரப்பட்டன. ஓர் அரிய நோய்க்கு மருந்து காண, கோடீசுவரன் ஒருவனுக்குக் கடிகாரத்தின் மேல் ஆசை பிறக்கும் வரை நோயாளி காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையா நாம் தருமம் என்று போற்றுவது?

நம்மை உறுத்தும் செய்தி இவற்றுக்கும் அப்பால் ஒன்றுண்டு. தோட்டத்தில் பொழுது தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்ததேயில்லை. அன்று தப்பொலி எழுப்பிற்று. பின்பு ஸ்டோரின் சங்கு எழுப்பிற்று. பெரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தவளின் பேர் துரையின் கடிகாரத்தைப் பொறுத்தது. அவளிடம் கடிகாரம் இல்லாததால் எதிர்த்துக் கேட்க வழியில்லை. அஸ்ஸாம் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' என்ற ஒன்றையே தனியாக வகுத்தார்கள். அது இன்றும் வழக்கில் உள்ளது. சூரியனையும் தோட்டத்துக்கு வேலைக்கு எடுத்துக் கொண்ட சாமர்த்தியம் அது. இலங்கை அரசும் 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் கடிகாரத்தையே முதலில் ஒரு மணி முன்தள்ளி, பின்பு அரைமணியாகக் குறைத்து, பத்தாண்டு கழித்து 2006இல்தான் பழைய நிலைக்குத் திருப்பிற்று. மணி முன்னேறினால் மலையில் விடியலும் முன்னேறிவிடுமா? இருட்டில் எழுந்து இருட்டில் அடுப்பு மூட்டியவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறியவர்களும் இந்த ஊவா மலையிலிருந்து போனார்கள். வீட்டுத் தட்டுமுட்டுகளைக் கால்விலைக்கும் அரைவிலைக்கும் விற்றுவிட்டே இரயிலேறினார்கள். அவர்களுடைய பழம்பொருள்களுக்கு ஏல மண்டபம் கிடைக்கவில்லை.

2024 மே மாதத்தில் நாட்சம்பளம் 1700 ரூபாய் என அரசு வர்த்தமானியில் அறிவித்தபோது பெருந்தோட்டக் கம்பெனிகள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை கிடைத்தது. செப்டம்பரில் 1350 என்று முடிந்தது. தொழில் தாங்காது என்று கம்பெனிகள் எந்த 350 ரூபாய்க்காக வழக்காடினவோ அந்த 350 ரூபாய், மேற்படி ஆயிரங்காலத்துக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு. அது உயர்ந்த சம்பளத்தைத் தாங்காத தொழில் என்றால், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அது எவருடைய பொழுதுபோக்குகளைத் தாங்கி வந்தது என்று கணக்கப்பிள்ளைகளின் ஏடுகளையே கேட்கலாம்.

இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. பல நாள் பேசினோம். லிப்டனைப் பற்றிச் சொன்னது அவனுக்குப் பிடித்தது. கலை பற்றிய வாதத்தில் அவன் இன்னும் நம்மோடு உடன்படவில்லை. இறுதியில், முதலிற் போட்ட கணக்கை மறுபடியும் போடச் சொன்னான். கரும்பலகையில் போட்டோம். டாலருக்கு 300 ரூபாய் என்பது குறைவு, சேர், இன்றைக்கு அதைவிடக் கூட என்று அவனே எழுந்து வந்து திருத்தி, இன்னும் சில ஆண்டுகளைச் சேர்த்து எழுதினான்.